நோயாளர் மன்றாட்டில் திலக்ஷன்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கொட்டாஞ்சேனையில், ஒரு ஞாயிறு பூசையில். தெரிந்தவர் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் என்பதால் போயிருந்தேன். மன்றாட்டு வேளையில் ஒரு பெண் தாளைப் பார்த்து வாசித்தாள்: "நோயுற்றிருக்கும் செபமாலை, மரிய கொறற்றி, திலக்ஷன் ஆகியோருக்காக ஆண்டவரை மன்றாடுவோம்." கோயில் முழுவதும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. எனக்கு முன்வரிசையில் நின்ற இளைஞனும் சேர்ந்து சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் திடுக்கிட்டுப் பக்கத்தில் நின்ற அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். அவன் கன்னம் ஒட்டியிருந்தது. காலில் ஓட்டக்காரர்கள் போடும் சப்பாத்து. மிச்சமெல்லாம் நானாகச் சேர்த்தது. உண்மையில் அவன் யார், ஓடுகிறவனா, சப்பாத்து மலிவாகக் கிடைத்ததால் வாங்கியவனா என்றுகூட எனக்குத் தெரியாது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

"விடிவதற்கு முந்திய வெள்ளவத்தைக் கடலின் நிறத்தை எப்படிச் சொல்வது என்றால்"

(இதை இங்கேயே விட்டுவிட்டேன். கடலில் தொடங்கும் கதை கரையேறுவது கடினம்.)

"திலக்ஷன் மெலிந்தபோது உலகமே"

(உலகத்துக்கு அது தெரியாது. கொட்டாஞ்சேனைக்குத் தெரிந்தது. அதுவே அவனுக்குப் போதுமாயிருந்தது.)

ஆகவே கொட்டாஞ்சேனையின் வாயிலிருந்தே தொடங்குகிறேன்.

திலக்ஷன் கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை செய்பவன். அது பகலில். விடியற்காலையில் அவன் நெடுந்தூர ஓட்டக்காரன். போன வருடம் வீதியோட்டத் தெரிவுப் போட்டியில் ஒரேயொரு இடத்தால் அணியைத் தவறவிட்டான். கடைசித் திருப்பத்தில் முன்னால் போனவனின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, கால்தான் எட்டவில்லை. ஐந்து கிலோ குறைத்தால் எட்டும் என்றார் பயிற்சியாளர். பட்டினி கிடந்து அல்ல. மெதுவாக, பொரியலைக் குறைத்து, மீனும் பருப்பும் குரக்கனும் கூட்டி. அவன் அப்படியே செய்தான். நன்றாகத் தூங்கினான். மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினான். அவ்வளவு சுகமாக அவன் வாழ்நாளில் இருந்ததில்லை.

சந்தியில் த்ரீவீல்காரர் சிங்களத்தில் கேட்டார்: "மல்லி, அசனீபத?" தம்பி, வருத்தமா, உடம்பு சுகமில்லையா என்று.

முடிவெட்டும் கடையில், "தம்பிக்கு என்ன, லவ் பெயிலோ?"

மீன்காரி கிடந்ததில் பெரிய பாரையாகப் பார்த்து எடுத்துத் தந்தாள். "தலையைச் சூப்பு வச்சுக் குடிங்க தம்பி. பார்க்கவே வயிறு எரியுது."

பக்கத்து வீட்டு ரஜனி அக்கா சுற்றிவளைக்கவில்லை. "சீனி பார்த்தியா? எத்தினை காட்டுது?"

"சீனியில்லை அக்கா. ஓடுறன். அதுக்காகத்தான் மெலிஞ்சனான்."

"ஓடுறது சரி. ஏன் மெலியிற?"

(எங்கள் மக்கள் அன்பைக் கண்ணால் நிறுப்பவர்கள். பார்த்த கணத்திலேயே முள் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒருவர் மெலிய அவர்களிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன: சீனி வியாதி, கவலை, காதல். நாலாவதாக ஒன்றை நீங்கள் கொண்டுபோனால் அதை வைக்க அவர்களிடம் தட்டு இல்லை. இத்தனை பேரில் ஒருவராவது அவனிடம், எவ்வளவு வேகமாய் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.)

முதலில் விளக்கம் சொன்னான். பிறகு சிரித்து மழுப்பினான். ஒருநாள் அலுத்துப்போய் த்ரீவீல்காரரிடம், "ஓவ் அய்யே, அசனீபய்" என்றான். ஆமாம் அண்ணே, வருத்தம்தான். அந்த மனிதரின் முகத்தில் எவ்வளவு நிம்மதி! கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அவனை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போனார்.

அந்தப் பகிடி அவனுக்கு முன்னமே படியேறி அம்மாவிடம் போயிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

3

முதல் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து, கடலோர வீதியில் ஓடுவான். இந்த இடத்தில் நான் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் நான் ஓடுகிறவன் அல்ல. ஓடுகிறவர் ஒருவரைக் கேட்டேன். ஒரு கட்டத்துக்குப் பிறகு தன் காலடிச் சத்தம் வேறு யாருடையதோ போலக் கேட்கும் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு பக்கம் உறங்கும் வீடுகள். மறுபக்கம் தண்டவாளம், கருங்கற்கள், அதற்கப்பால் வெளுக்கத் தொடங்கும் நீர். காற்றில் உப்பு ஈரம். கல்கிசைப் பக்கமிருந்து வரும் ரயில், சன்னல் வெளிச்சங்களோடு தண்ணீரின் மேலேயே வழுக்கிப் போவதுபோல் தோன்றும். அது கடந்துபோன பிறகு வரும் அமைதியில் திலக்ஷனின் உடம்பு மெல்லக் கழன்று பின்தங்கும். காலடிச் சத்தம் வேறு யாருடையதோ ஆகும். மூச்சு அலையோடு போய் அலையோடு வரும். அப்படியான ஒரு விடியலில், கறுத்த கல்லொன்றில் அவனே உட்கார்ந்திருப்பதைக் கண்டான். பழைய திலக்ஷன், கன்னம் உப்பி, மடியில் இறால் வடைக் கடதாசிச் சரையோடு. அவன் கையசைத்தான். இவனும் கையசைத்தான்.

"ஆருக்குக் கை காட்டுறீங்க?" என்றாள் பக்கத்தில் ஓடிவந்த அகீலா.

அகீலா வெள்ளவத்தைக்காரி, பள்ளிக்கூட ஆசிரியை. நீளக்கைச் சட்டையும் தலையை மூடிய துணியுமாக அவனோடு பயிற்சி எடுப்பவள்.

"பழைய ஆளொருத்தன்."

"நேத்து ஒரு மாமி வந்து செல்றா, 'மகள், இப்பிடி ஓடினா மொகத்துல எலும்பு தெரியும்' எண்டு. நான் செல்லிட்டேன், 'எலும்பு இல்லாட்டி மொகம் கீழ விழுந்திடுமே மாமி' எண்டு."

"நான் வருத்தமெண்டே சொல்லிட்டன். த்ரீவீல்காரருக்கு."

"அல்லாஹ்! த்ரீவீல்காரருக்கா? நீங்க மௌத்தாகி அடக்கின செய்தி பகலைக்குள்ள எங்கட வீட்டுக்கு வந்து சேரும்."

(கைப்பிரதியைப் படித்த நண்பர், அகீலா கதைக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துப் பார்த்தேன். தனியாக ஓடிய திலக்ஷனின் மூச்சு மட்டும் கேட்டது. கேட்டால் நோயாளியின் மூச்சேதான். அவளைத் திருப்பி அழைத்துக்கொண்டேன்.)

4

எனக்குச் சந்தேகம் அம்மாவில்தான்.

ஜீவராணி என்று பெயர் வைத்தேன். மகன் மெலிந்தால் தவிக்கிற, சோற்றுக் கோப்பையோடு பின்னால் திரிகிற அம்மா. இப்படி ஓர் அம்மாவை நீங்கள் எத்தனை கதைகளில் சந்தித்திருப்பீர்கள்! எனக்கே அலுப்பாயிருந்தது. பூசை முடிந்து படியிறங்கும்போது அவரைக் கதைக்க விட்டுப் பார்த்தேன்.

"அம்மா, என்ட பேரை ஆர் குடுத்தது?"

"நான்தான்."

"எனக்கு ஒண்டுமில்லையே!"

"ஒண்டுமில்லாட்டி நல்லந்தானே. செபம் வீணாப் போகாது மகன். வேற ஆருக்கும் போய்ச்சேரும்."

அந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவரைச் சற்று மரியாதையோடு எழுதினேன்.

திலக்ஷன் இரத்தம் சோதித்து அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தான். எல்லாம் சரி. ஜீவராணி கண்ணாடி போட்டுப் படித்தார். திருப்பி, ஒன்றும் எழுதியிராத பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்பாவுக்கும் முதல் ரிப்போட் நல்லாத்தான் வந்தது" என்றார்.

5

(இதழாசிரியரிடம் இதுவரை எழுதியதைக் காட்டினேன். "நல்லாயிருக்கு, ஆனா கதை மெலிஞ்சு கிடக்கு. கொஞ்சம் சதை வையுங்கோ" என்றார். திலக்ஷனின் எரிச்சல் என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.)

இந்த வருடத் தெரிவுப் போட்டிக்கு முந்திய வியாழன். திலக்ஷன் கந்தோர் முடிந்து வரும்போது ரஜனி அக்கா மாடிப்படியில் காத்திருந்தார்.

"சத்தம் போடாம வா. அம்மா படியில தலை சுத்தி இருந்திட்டா. இப்ப பரவாயில்லை, பிளேன்டீ குடுத்துப் படுக்க வச்சிருக்கிறன்."

"ஏன், என்ன நடந்தது?"

"என்ன நடந்ததோ? உனக்குச் சதை பிடிக்கோணுமெண்டு அந்தோனியாருக்கு நேர்ந்து, இரவுச் சாப்பாட்டை விட்டிட்டா. சீனி வருத்தக்காரி செய்யிற வேலையா இது? நான் சொன்னா கேக்கிறாவா?"

அவன் உள்ளே போய்ப் பார்த்தான். சாய்மனைக் கதிரையில் கிடந்த அம்மாவின் கையில் வளையல் முழங்கைப் பக்கம் இறங்கியிருந்தது. கொட்டாஞ்சேனை முழுவதும் அவனை நிறுத்துக்கொண்டிருந்தபோது, அதே வீட்டில் இன்னொருவர் இளைத்ததை யாரும் காணவில்லை. அவனும் காணவில்லை.

"அம்மா, நான் ஓடத்தானே மெலிஞ்சன். எத்தினை தரம் சொல்லிட்டன்."

"கேட்டனான் மகன். காதுக்கு விளங்குது."

"பிறகென்ன?"

அவர் சீலிங் காற்றாடியைப் பார்த்தபடி சொன்னார்:

"அண்டைக்கு நீ பெல்ட்டில ஓட்டை போட்டாய்."

உண்மைதான். கந்தோர்க் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஆணியைக் குசினி நெருப்பில் காய்ச்சி, பெல்ட்டில் புதுத் துளையொன்று போட்டிருந்தான்.

"தோல் கருகுற மணத்துக்குத்தான் நான் எழும்பினனான். உன்ட அப்பாவும் அப்பிடித்தான், ஆணி காய்ச்சி, அதே அடுப்பில. முதல் ஓட்டைக்குச் சிரிச்சவர். 'ராணி, நான் பொடியனாகிட்டன் பார்' எண்டவர். பிறகு இன்னொண்டு. பிறகு ஓட்டை போட அவருக்குப் பெல்ட் தேவைப்படேல்ல."

அப்பா புஷ்பராஜ் இறந்தபோது திலக்ஷன் சின்னப் பையன். இந்தக் கதையை அவன் கேட்டதில்லை. எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அது இந்த வரியில்தான் தெரியவந்தது. ஜீவராணியை அலுப்பான அம்மா என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அழிக்கலாம், அழிக்கவில்லை.

"நான் ஓடுறதை நீங்க ஒருநாளும் பார்க்கேல்ல" என்றான் அவன் கடைசியில். "ஞாயிறு வாங்க. வெள்ளவத்தையில காலி வீதியில நில்லுங்க, நான் அதால வருவன். பாருங்க. பார்த்த பிறகும் நான் வருத்தக்காரன் எண்டு உங்கட வாயால சொன்னீங்கண்டா, நான் ஓட்டத்தை விட்டிடுறன். நீங்க போடுறதைச் சாப்பிடுறன்."

"சொல்லாட்டி?"

"நீங்க இரவில சாப்பிடோணும்."

"அந்தோனியாரோட நான் கதைச்சுக்கொள்ளுறன்" என்றார்.

6

முடிவுகள்.

முதலாவதில் திலக்ஷன் வெல்கிறான். அம்மா கைதட்டுகிறார். எல்லாரும் அழுகிறார்கள். (கிழித்தேன். வென்றவனை யார்தான் நோயாளி என்பார்கள்? தோற்று வருகிறவனையும் அவர் பார்க்க வேண்டுமே.)

இரண்டாவதில் ஜீவராணி கூட்டத்தை விட்டுக் கடற்கரைக்கு இறங்குகிறார். கல்லில் பழைய திலக்ஷன் இருக்கிறான். இறால் வடையில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறான். இருவரும் கடலைப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள், ரயில் நீரின் மேல் போகிறது. இதை எழுதியபோது எனக்கே கண் சொருகியது. நெடுநேரம் அந்தக் கல்லிலேயே இருந்துவிட்டேன். ஆனால் அங்கே இருந்தால் ஓடிவருகிறவனை அவர் பார்க்க முடியாது. கையைப் பிடித்து வீதிக்குக் கூட்டிவந்தேன்.

மூன்றாவதில்

(இல்லை.)

7

ஞாயிறு காலை, வெள்ளவத்தை, காலி வீதி. பஸ்களை மறித்துவிட்டதால் வீதி வேறேதோ ஊரின் ஆறுபோலக் கிடக்கிறது. ரஜனி அக்கா குடை பிடித்திருக்கிறார். ஜீவராணியின் கையில் மீன் பணிஸ் ஒன்று, வாங்கியபடியே, கடிக்காமல்.

முதல் கூட்டம் வருகிறது. தூரத்தில் வெய்யில் நடுங்கும் இடத்தில் முதலில் கால்கள் தெரியவில்லை. ஆட்கள் நிலத்தில் படாமல் மிதந்துவருவதுபோல் இருக்கிறது. கிட்ட வரவர ஜீவராணி பார்க்கிறார்: எல்லாருமே மெலிவு. எல்லாருக்கும் கன்னம் ஒட்டியிருக்கிறது. இவ்வளவு மெலிந்த ஆண்களை ஒன்றாக அவர் ஒரேயோர் இடத்தில்தான் பார்த்திருக்கிறார். அங்கே எல்லாரும், அவருடைய கணவனும், கட்டில்களில் படுத்திருந்தார்கள்.

அவர்களுக்குள் நீலச் சட்டையில் திலக்ஷன். எத்தனையாவது என்று நான் எண்ணவில்லை. முன்னால் ஒரு முதுகு, கைக்கெட்டும் தூரத்தில்.

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் ஜீவராணியிடம் விரலைக் காட்டிச் சொல்கிறார்: "அங்க பாருங்கோ அம்மா, அந்த நீலச் சட்டைப் பொடியன். எலும்பும் தோலும். சரியான வருத்தக்காரன் போல, என்ன?"

ரஜனி அக்காவின் குடை அசையாமல் நிற்கிறது.

கதையின் ஒரு பிரதியில் ஜீவராணி, "அது என்ட மகன்" என்றார். கேட்க அழகாயிருந்தது. ஆனால் அது அந்த மனிதர் கேட்டதற்குப் பதில் அல்ல. ஒருவன் மகனாகவும் வருத்தக்காரனாகவும் இருக்கலாம். கணவனாகவும் வருத்தக்காரனாகவும் ஒருவர் இருந்ததை அவர் பார்த்தவர். இன்னொரு பிரதியில் பேசாமல் பணிஸைக் கடித்தார். அதுவும் நழுவல்தான், மகன் கேட்டது வாயால் சொல்லச் சொல்லி.

ஆகவே இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்களும் யாரோ ஒருவரைப் பார்த்து, என்ன இப்படி மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பீர்கள். உங்களையும் யாரோ கேட்டிருப்பார்கள். அந்த மனிதர் பதிலுக்காகத் திரும்பிப் பார்க்கிறார். ஜீவராணி வாயைத் திறந்துவிட்டார்.

"                                        "

கொஞ்சம் கெதியாகச் சொல்லுங்கள். அவன் கேட்கும் தூரத்துக்கு வந்துவிட்டான்.