அவருடைய இங்கிலீஷ் ஜோடி

என் வீட்டுக்காரர் தமிழில் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகிறது. இங்கிலீஷில் மட்டும் தினமும் சிரிக்கிறார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாகப் போகிறது, அதற்கு இன்டர்வியூ இங்கிலீஷில்தான் நடக்குமாம். சாயங்கால வகுப்பில் சேர்ந்தார். சேரட்டும் என்று நானும்தான் தலையாட்டினேன். அங்கே ஆளுக்கொரு ஜோடி பிரித்துக் கொடுப்பார்கள் என்று யார் கண்டது? ஜோடி என்பது வகுப்பில் வைத்த பெயர், நானாகக் கட்டியதில்லை. இவருக்கு வாய்த்த ஜோடி ஒரு நர்ஸ்.

வகுப்பு நடத்துகிறவர் வாரா வாரம் ஒரே மாதிரி இருக்கும் வினைச்சொற்களாகப் பொறுக்கிக் கொடுப்பார். ஜோடிகள் தினமும் போனில் பேசி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியம் சொந்த வாழ்க்கையில் நடந்த உண்மையாக இருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால்தான் சொல் மனதில் நிற்குமாம். என்ன ஒரு சட்டம்! கட்டியவளிடம் கூடக் கேட்காத உண்மையை ஊரான் பெண்டாட்டியிடம் போனில் ஒப்பிக்க வேண்டும்.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் வேலை செய்கிறேன். அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் என் கால் தானாக நின்றுவிடும். மெஷின் சத்தம் இல்லாவிட்டால் எல்லாம் கேட்கும். கேட்டு என்ன, ஒரு எழுத்து புரியாது. அந்தக் குரலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மெதுவாக, யோசித்து யோசித்து, தேடித் தேடிப் பேசினார். என்னிடம் பேசுவது "சாவி எங்க", "சோறு போடு", அவ்வளவுதான்.

"இந்த வாரம் என்ன பாடம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீ, லுக், வாட்ச்."

"எல்லாம் பார்க்கறதுதானே? நமக்கு ஒரு 'பார்' போதும். அவங்களுக்கு மூணு வேணுமாக்கும்."

"இல்ல. சீன்னா சும்மா கண்ணுல படறது. லுக்னா நாமளா திரும்பிப் பார்க்கறது. வாட்ச்னா கண்ணை எடுக்காம கவனிச்சுக்கிட்டே இருக்கறது. நர்ஸம்மா ஒரு வாக்கியம் சொன்னாங்க, பேஷண்ட்டை அவங்க வாட்ச் பண்றாங்களாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னமோ சொன்னேன்," என்று எழுந்து போய்விட்டார்.

அந்த 'என்னமோ'தான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து நானும் வாட்ச்தான். போன் எப்போது அடிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பி உட்காருகிறார், பேசி முடித்ததும் முகம் எப்படி இருக்கிறது, ஒன்று விடாமல் கவனித்தேன். எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு வேறென்ன பெயர்?

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் ஒரு காரியம் செய்தேன். அவர் யூனிஃபார்ம் பேண்ட்டில் போன் வைக்கும் பை ஒன்று உண்டு. அதன் வாயை மேலோடு மேலாகத் தைத்து மூடிவிட்டேன். தையல் தெரியாதபடி அதே கலர் நூல். வேலை சுத்தம்.

பலன் உடனே கிடைத்தது. சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். பைக்குள் நுழையாததால் போனைக் கையில் வைத்திருந்தாராம், கை தவறி லிஃப்ட் குழிக்குள் விழுந்து சுக்குநூறாகிவிட்டதாம். ஐயோ பாவம் என்று சொன்னேன். உள்ளே எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. பால்கனிக் கதவு அன்று திறந்தே கிடந்தது.

மறுநாள் நர்ஸே வீட்டுக்கு வந்து நின்றாள்.

சுமாராக இருப்பாள் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அந்த ஆறுதலிலும் மண் விழுந்தது. நல்ல களையான முகம். சட்டையின் தோள் தையல் கச்சிதம், குறை சொல்ல இடமில்லை. அவர் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

"நேத்து போன் எடுக்கலக்கா. இன்டர்வியூ நெருங்குதே, அதான் நேர்லயே பார்த்துட்டுப் போலாம்னு," என்றாள்.

"போன் உடைஞ்சு போச்சு. கை தவறிடுச்சாம்."

அவள் முகம் மாறியது. "மறுபடியும் நடுங்குச்சா? லிஃப்ட் கூண்டு மேல நிக்கிறப்பவா?"

"என்ன நடுங்குச்சா?"

"கைதான்க்கா. கூட வேலை செய்யறவர் லிஃப்ட் குழிக்குள்ள விழுந்ததுல இருந்து, உள்ள ஏறி நின்னாலே கை நடுங்குதுன்னு சொன்னாரே. டாக்டரைப் பாருங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். உங்களுக்குத்..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

கூட வேலை செய்தவர் விழுந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். நடுக்கம் தெரியாது. சூப்பர்வைசர் ஆசை சம்பளத்துக்காக, சட்டைக் காலருக்காக என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் லிஃப்ட்டுக்குள் ஏறாமல் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அது இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவரைக் களவாடியிருந்தால் கூடச் சண்டை போட்டிருப்பேன். இவளோடு எதை வைத்துச் சண்டை போடுவது? காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் வந்ததும் கேட்டேன். "அவகிட்ட சொன்னதை என்கிட்ட ஏன் சொல்லல?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மெஷின் பலகையில் கையை ஊன்றி உட்கார்ந்தார்.

"அவங்ககிட்ட சொல்லணும்னு சொல்லல. உண்மையா ஒரு வாக்கியம் வேணும்னாங்க. எந்தச் சொல்லு சரி, எது தப்புன்னே தேடிட்டிருந்தேன், அதுக்குள்ள வெளிய வந்துடுச்சு. தமிழ்ல சொல்ல வாய் வரமாட்டேங்குது."

"அப்ப எனக்கும் இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

"உனக்குப் புரியாதே."

"புரியலன்னா என்ன, சொல்லுங்க."

சொன்னார். பால்கனியில் கேட்ட அதே குரல், மெதுவாக, தேடித் தேடி. லிஃப்ட், ஹேண்ட், வைஃப் என்று இரண்டு மூன்று சொல் பிடிபட்டது. பலகைமேல் கத்தரிக்கோல் பாபின் டப்பாவில் உரசிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. மெஷின் ஓடாதபோது அது ஏன் ஆடுகிறது என்று பார்த்தேன். அவர் கைதான்.

இந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. சாப்பிடும்போது டம்ளரில் கேட்டிருக்கிறேன். கதவைத் திறக்கும்போது சாவிக்கொத்தில் கேட்டிருக்கிறேன். ஆளை இத்தனை நாள் கண்ணை எடுக்காமல் கவனித்தேன், கவனித்ததெல்லாம் போனைத்தான்.

அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பேண்ட் பையைத் தைச்சது நான்தான்."

"தெரியும். வேற யாருக்கு அவ்வளவு நைசா தையல் வரும்?"

"சரி. இப்ப அதையே தமிழ்ல சொல்லுங்க."

இன்னொரு கையால் பாபின் டப்பாவைத் திறந்து மூடினார். நான் அவசரப்படுத்தவில்லை.

"பயமா இருக்குடி," என்றார்.

நர்ஸுக்கு எத்தனையோ வாக்கியம் கிடைத்திருக்கிறது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் போகாது. எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். அதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அவளிடம் கூட.