எதிர்பாராத செலவு

நைஜலுக்குப் பட்ஜெட் போடுவதென்றால் கொண்டாட்டம். செலவு செய்வதென்றால்தான் கை நீளாது. வீட்டுப் பரணை அறையாக மாற்றலாம் என்று மனைவி லொரைன் வாயைத் திறந்த நாளிலிருந்து அந்த மனுஷன் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. சாய்வு ஜன்னல், படிக்கட்டு, வயரிங், கவுன்சிலுக்குக் கட்ட வேண்டியது என்று கட்டம் கட்டமாகப் போட்டு, அதற்குப் பச்சை மஞ்சள் என்று வண்ணம் வேறு பூசி, டீ ஆறி ஏடு கட்டுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

அறை என்னவோ லொரைனுக்குத்தான். இங்கிலாந்தில் அவர்கள் இருந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் பல வீட்டு ஜன்னல்களில் தொங்குகிற திரைச்சீலை அவள் தைத்தது. தைக்கிற இடம் மட்டும் சாப்பாட்டு மேஜை. சாயங்காலம் ஆனால் துணியைச் சுருட்டி, குண்டூசியைப் பொறுக்கி, மெஷினைத் தரையில் இறக்கினால்தான் தட்டு வைக்க முடியும். ஒருமுறை வாடிக்கையாளர் வெல்வெட்டில் நைஜல் கிரேவியைக் கொட்டிவிட்டு, "துவைச்சா போயிடும்" என்று சொல்லி மேற்கொண்டு உருளைக்கிழங்கு கேட்டான். விரித்த துணியை விரித்தபடியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வர ஒரு இடம். அவ்வளவுதான் அவள் கேட்டது. காசும் அவள் தையலில் சேர்த்ததுதான்.

கட்டடம் கட்டுகிற டாரன் அளவெடுக்க வந்தான். பரணுக்குள் ஏறியவன் கையை மூடிக்கொண்டு இறங்கினான்.

"தலைவரே, மேல ஏற்கெனவே குடித்தனம் இருக்கு."

உள்ளங்கையில் கறுப்பாகச் சீரகம் மாதிரி என்னவோ கிடந்தது.

"எலியா?" என்றான் நைஜல்.

"எலிப் புழுக்கை கல்லு மாதிரி இருக்கும். இது பாருங்க, பொடிப்பொடியாப் போகுது. வௌவால்." விரலால் தேய்த்துக் காட்டினான். தேய்த்த கையாலேயே பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்துத் தின்றான். லொரைன் பிஸ்கட் டின்னை மூடித் தள்ளிவைத்தாள்.

"குட்டி போடுற சீசன். இங்க வௌவாலைக் கலைச்சாலே சட்டப்படி குத்தம். ஆய்வு பண்ற ஆள் வந்து பாத்துச் சொல்ற வரைக்கும் நான் வேலையைத் தொடக்கூடாது. செப்டம்பர் ஆயிடும்," என்றான் டாரன். "ஆனா எனக்கு இந்த வாரம் கண்ணு சரியில்ல தலைவரே. நான் எதையும் பாக்கல." சொல்லிவிட்டு நைஜலைப் பார்த்துச் சிரித்தான். நைஜலும் சிரித்தான்.

"இளிக்காதீங்க ரெண்டு பேரும்," என்றாள் லொரைன். "போன் பண்ணி ஆளை வரச்சொல்லு நைஜல். இத்தனை வருஷம் பொறுத்துட்டேன். செப்டம்பர் வரைக்கும் பொறுக்க மாட்டேனா?"

வௌவால் மேல் அவளுக்குப் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. நினைத்தாலே உடம்பு கூசும். ஆனாலும் பிள்ளை பெற்று வைத்திருக்கிறதை யாராவது விரட்டுவார்களா?

"பண்றேன், பண்றேன்," என்றான் நைஜல்.

வௌவால் ஆய்வு என்று ஒரு கட்டம் போட்டான். கொஞ்ச நேரம் அதையே முறைத்துவிட்டுச் சைபர் என்று அடித்தான். அதற்குக் கீழே எதிர்பாராத செலவு என்று ஒரு கட்டம் இருந்தது. பத்தில் ஒரு பங்காவது அதில் ஒதுக்கி வைக்கச் சொல்லியிருந்தான் டாரன். "எதிர்பாராததை நாம எதுக்கு எதிர்பாக்கணும்?" என்று நைஜல் அதையும் சைபர் ஆக்கினான்.

அந்த வாரக் கடைசியில் லொரைன் விட்பியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு டோரீன் வேலியோரம் வழிமறித்தாள்.

"உங்க வீட்டு வௌவாலுக்கெல்லாம் என்னம்மா ஆச்சு? விடியக்காலம் நாயைக் கூட்டிட்டு வர்றேன், கூரையைச் சுத்திச் சுத்தி வருதுங்க. சுவத்துல மோதுது, ஒட்டிக்குது, மறுபடி பறக்குது. புத்தி பெசகின மாதிரி."

லொரைன் உள்ளே போய்க் கேட்டாள்.

"அதுங்களா? இடம் மாத்திக்கிட்டு போயிடுச்சாம். ஆய்வுக்கார அம்மாகிட்ட பேசிட்டேன். வேலையை ஆரம்பிக்கலாம்னுட்டாங்க," என்றான் நைஜல், திரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அறை வேண்டியிருந்தது அவளுக்கு. நம்பினாள்.

டாரன் நல்ல வேலைக்காரன்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெள்ளைச் சுவர், சாய்வு ஜன்னல் வழியே கொட்டுகிற வெளிச்சம், சரிவு முடிகிற இடத்தில் இடுப்பளவு தடுப்பு. லொரைன் ஒரு முழுப் பச்சைப் பட்டுத்துணியை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விரித்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வெயில் ஏறியது. நாற்றமும் ஏறியது.

"பெயின்ட் வாடை," என்றான் நைஜல். பிறகு, "புது மரம் அப்படித்தான் இருக்கும்," என்றான். விளக்கு மாட்டிய ஓட்டையிலிருந்து கொழுத்த நீல ஈக்கள் பொத்துப் பொத்தென்று அவள் துணி மேல் விழுந்தன. தடுப்பின் அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து பட்டுத்துணியின் ஓரத்தை நனைத்தது. நைஜல் லாவெண்டர் வாசனையை வாங்கிவந்து பீய்ச்சினான். அழுகலும் லாவெண்டரும் சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டன.

"சுவத்தைப் பிரிச்சுப் பாக்கணும்," என்றாள்.

"எதுல இருந்து எடுக்கிறது? பட்ஜெட்ல இடமே இல்ல."

லொரைன் டோரீன் வீட்டுப் பக்கம் போய் நின்று தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஓட்டுக்குக் கீழே இருந்த இடுக்கு முழுக்க மஞ்சள் நுரை பிதுங்கி இறுகிப்போயிருந்தது. கடையில் டின்னில் விற்கிற அடைப்பு நுரை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்த ஆய்வுக்கார அம்மா பேர் என்ன நைஜல்?"

அவன் மஞ்சள் கட்டம் ஒன்றைப் பச்சையாக மாற்றினான்.

"சொல்லு."

"எல்லாம் வெளிய பறந்து போனதுக்கு அப்புறம்தான் அடைச்சேன். ஒண்ணையும் கொல்லல."

"குட்டிங்க?"

"அதுங்களும் பறந்திருக்கும்னு நெனச்சேன். இதெல்லாம் உனக்காகத்தானே செஞ்சேன்!"

சீ! அதைக் கேட்டதும்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை காலம் இவன் பக்கத்தில் படுத்திருந்தோமே என்று நினைக்கவே அசிங்கமாக இருந்தது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே போனாள். தடுப்பை உடைத்தாள். நுரை அடைத்த மூலையில் கட்டைவிரல் பருமனில் சுருங்கிப்போன உடம்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. எல்லாத் தலையும் அம்மாக்காரி வர வேண்டிய இடுக்கைப் பார்த்தே இருந்தது. புழுக்கள் மட்டும் அசைந்தன. லொரைன் அங்கேயே வாந்தி எடுத்தாள். பிறகு முறத்தில் அள்ளி, நைஜலின் பிஸ்கட் டின்னில் போட்டு மூடிக் கீழே கொண்டுவந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் டின்னை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"யாருக்குப் பண்றே?"

"நீ பண்ணாத ஆளுக்கு."

"பைத்தியமா உனக்கு? ஒவ்வொண்ணுக்கும் இவ்வளவுன்னு அபராதம் தீட்டிடுவாங்க! கூரையையே பிரிக்கச் சொல்லுவாங்க! உன் அறை, லொரைன்! உன் அறை போயிடும்!"

"தெரியும்." டின்னைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். "எத்தனைன்னு நீயே எண்ணிக்கோ. எதிர்பாராத செலவுன்னு ஒரு கட்டத்தைச் சைபரா வச்சிருக்கியே, அதுல எழுது."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். லொரைன் தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள்.