தண்ணீரில் கழுவிய புகை

1

இது கதையாக வந்திருக்கக் கூடாது. முழுத்தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றி, புகையை அதன் வழியே இழுக்கும் உக்கா நாஞ்சில் நாட்டுக்குள் எப்படி நுழைந்தது, யார் யார் பிடிக்கிறார்கள் என்று பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். கோழிக்கோட்டுக்கு மர வியாபாரத்துக்குப் போய்வந்தவர்கள் முதலில் கொண்டுவந்தார்கள். பிறகு வக்கீல் குமாஸ்தாக்கள். 1931 வாக்கில் கொட்டாரத்துப் பக்கம் மிஷன் சபைக்காரர்கள். பீடி கூலிக்காரன் சமாச்சாரம், உக்கா உத்தியோகஸ்தன் சமாச்சாரம் என்று ஆகியிருந்தது. (இந்த வரியோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதி, பத்திரிகைக்கும் நிம்மதி.)

ஆனால் அதைப் பற்றவைப்பது யார் என்று கேட்டுத் தொலைத்தேன். ராஜபாய் வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "ராஜபாய் பொறுமையான, அடக்கமான..." அடித்துவிட்டேன். வேறு வழியில்லாதவர்களைத்தான் நாம் பெரும்பாலும் பொறுமைசாலிகள் என்று எழுதுகிறோம்.

இரண்டாவது: ராஜபாயின் புருஷன் யேசுரத்தினம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கீழத்தெருவிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனத்தில் சேருவதற்காக, பீடி, சுருட்டு, பொடி எதையும் தொடுவதில்லை என்று சபை நடுவில் நின்று சொன்னார். உக்காவைப் பற்றி யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. உக்கா வைத்திருந்தவர் சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன் தேவகுமார்.

"அது தண்ணியில கழுவி வாற பொக வே," என்றார் டீக்கன். "ஞானஸ்நானத்துல நம்மளையும் தண்ணிதானே கழுவிச்சு? வாரும் வாத்தியாரே, மேல வாரும்."

டீக்கன் வீட்டு மாடிக்குக் கீழத்தெரு ஆள் ஒருவர் ஏறியது அதற்கு முன் நடந்ததில்லை. ராஜபாய் அன்று தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். (இதை நான் கேலி செய்யப்போவதில்லை.)

3

ஞாயிறுதோறும் புறப்படும் முன் யேசுரத்தினம் கொல்லையில் ஒரு பப்பாளி இலைத் தண்டை ஒடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார்.

"அது என்னத்துக்கு?"

"ஒனக்குத் தெரியாதுட்டி. அங்க உள்ள வழக்கம்."

அவருக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், பூதப்பாண்டியிலிருந்து அண்ணன் வந்திருப்பதைச் சொல்ல ராஜபாய் டீக்கன் வீட்டுக்குப் போனாள். மாடிப்படியில் நின்றபடியே பார்த்தாள்.

கரி கனிந்து புகையிலையில் பிடிக்கும்வரை உக்காவைப் பலமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முதல் புகை நெஞ்சை அறுக்கும்.* பப்பாளித் தண்டு வழியாக யேசுரத்தினம் இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மற்றவர்கள் நெல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். புகை இதமானதும் டீக்கன் அந்தத் தண்டைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிட்டு, பித்தளை வாய்க்குழலைச் செருகினார். அது வட்டமாகக் கைமாறியது. யேசுரத்தினத்தின் பக்கம் வரவில்லை.

"நம்ம வாத்தியாருக்கு நெஞ்சு கொல்லன் துருத்தில்லா!"

சிரித்தார்கள். யேசுரத்தினமும் சிரித்தார்.

[இங்கே அவள் ஏறிப் போய் உக்காவைப் படியில் உருட்டிவிட்டாள் என்று எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் நடக்காது. பள்ளிக்கூட மானேஜரும் தேவகுமார்தான்.]

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள்: "பத்தவைக்கதுக்கா கூப்பிடுதாவ?"

"வேற எந்த வீட்டுலட்டி நம்மள மேல கூப்பிடுதாவ?"

"நெஞ்சு போச்சுன்னா கர்த்தரு கூப்பிடுவாரு. அதுவும் மேலதான்."

* தண்ணீர் புகையின் சூட்டைத்தான் குறைக்கிறது. மற்றதெல்லாம் அப்படியே உள்ளே போகிறது. கட்டுரைக்காகச் சேர்த்த குறிப்பு, இங்கே கிடக்கட்டும்.

4

இராப்போஜன ஞாயிறு. சபை முழுவதற்கும் ஒரே கிண்ணம். ஆராதனைக்கு முன் டீக்கன் வந்தார்.

"வாத்தியாரே, தப்பா நெனைக்காதேயும். இந்த இருமலோட... ஆம்பிளையாளு வரிசையில கடைசியா இரும்."

உக்காவில் முதல் வாய், கிண்ணத்தில் கடைசி வாய். (எழுதியதும் எனக்கே பிடித்துப்போன வரி. அதனால் சந்தேகப்பட்டேன். அவருக்கு நேர்ந்ததே அதுதான் என்பதால் விட்டுவைக்கிறேன்.)

டீக்கன் ஒன்றை யோசிக்கவில்லை. ஆண்கள் வரிசை முடிந்ததும் கிண்ணம் பெண்கள் பக்கம் போகும். அங்கே முதல் இடம் எப்போதும் அவர் மனைவி நேசம்மாளுக்கு. அன்று அவளுக்கு அடுத்தாற்போல ராஜபாய் வந்து உட்கார்ந்தாள்.

யேசுரத்தினம் குடித்தார். இருமினார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு டீக்கன் திரும்பினார். எதிரே மனைவி கை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. சபை பார்த்துக்கொண்டிருந்தது.

ராஜபாய் மெதுவாகத்தான் சொன்னாள். முன்வரிசைக்குக் கேட்டது.

"குடியுங்க அம்மா. தண்ணியில கழுவின வாயிதான்."

5

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன. நேசம்மாள் குடிக்கிறாள்: எழுதினேன், நானே நம்பவில்லை. முந்தானையால் விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடிக்கிறாள்: நம்பினேன், எழுதக் கை வரவில்லை. டீக்கன் கிண்ணத்தோடு உள்ளறைக்குப் போகிறார், அடுத்த மாதம் யேசுரத்தினத்துக்கு வேலை... இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

நேசம்மாளை எழுப்பி அனுப்பிவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. இவ்வளவு நேரம் படியில் நின்று பார்த்தது போதும், வந்து உட்காருங்கள். கிண்ணம் இப்போது உங்கள் கையில். விளிம்பில் இன்னும் ஈரம் இருக்கிறது.

ராஜபாய் உங்கள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.