மேலிடத்துக்கு மூன்று நகல்

என் சட்டைப்பையில் புகார்க் கடிதம் இருந்தது. மூன்று நகல், ஒன்று நேராக ஜெனரல் மேனேஜருக்கு. சுரங்கத்தின் பெல்ட் கண்ட்ரோல் அறையில் இரண்டு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டிய கான்ட்ராக்ட் ஆள் தங்கராசு, வேலைக்குச் சேர்ந்த மறுநாளிலிருந்தே தினமும் கால் மணி லேட். அவன் வராமல் நான் நகர முடியாது. இரண்டு பத்து ஷிப்ட் பஸ் போய்விடும். நான்கு வயதாகியும் பேச்சு வராத என் மகள் இசைப்பிரியாவுக்கு வியாழன்தோறும் மூன்று மணிக்குப் பண்ருட்டியில் பேச்சுப் பயிற்சி. மூன்று வாரம் போச்சு. இன்றும் தவறினால் இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்களாம். வயிறு எரியாதா?

காலையில் கேன்டீன் டிவியில் எல்லைச் சண்டை. "திருப்பி அடிக்கணும்!" என்று கத்திவிட்டு, கடிதத்தைக் கூட வேலை செய்யும் சாமிக்கண்ணு அண்ணனிடம் காட்டினேன்.

"இது மேல போச்சுன்னா அவன் கேட் பாஸ் காலி, வேலயே போயிடும். எடுத்தேன் கவுத்தேன்னு செய்யாத சுபாஷு," என்றார். "அடிச்சிகினு இருக்கறப்பவே ரெண்டு பட்டாளமும் நேரா பேசிக்க ஒரு போன் வெச்சிகினு இருக்காங்களாம்."

"சண்டைக்காரனோட போனா? எதுக்குண்ணே?"

"எவனாச்சும் தப்பா புரிஞ்சிகினு பெருசா எதுனா செஞ்சிடக் கூடாதுல்ல?"

எனக்கு ஒரே ஆச்சரியம். யார் முதலில் எடுப்பார்கள்? வணக்கம் சொல்வார்களா? குண்டு போடுகிறவனிடம் சாப்பாடா விசாரிப்பது? அப்போதுதான் உறைத்தது, என்னிடம் தங்கராசு நம்பரே இல்லை. அண்ணனிடம் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரைக்குக் கூப்பிட்டேன். "எங்கப்பா இருக்கே?"

"சைக்கிள் ஸ்டாண்டுலங்க."

"இங்கேயா? எப்ப வந்தே?"

"ஒரு மணிக்கேங்க. சேத்தியாத்தோப்பு பஸ்சு டெய்லி அப்பவே வந்துடும்."

"பின்னே ஏன்டா லேட்டு?"

"ரெண்டு மணிக்கு முன்னால இந்தப் பக்கம் தலையக் காட்டாதன்னு நீங்கதாங்க சொன்னீங்க. ரெண்டானப்புறம்தான் பொறப்படறேன். நடந்து வர கால் மணி ஆவுது."

சொல்லியிருக்கிறேன். முதல் நாள் சீக்கிரமே வந்து பேனல் பக்கத்தில் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டவனிடம் எரிந்து விழுந்தேன். மறந்தே போயிருந்தது. எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே! வெட்கமாக இருந்தது.

"இப்பவே வாப்பா."

ஒன்று ஐம்பதுக்கு வந்தான். பஸ்சுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது, ஆனாலும் வெளியிலேயே நின்றான்.

"இன்னும் ரெண்டு ஆவலியேங்க. உள்ள வரலாமா?"