ஊரெல்லாம் ஆரஞ்சுக் கொடி

வெள்ளம் வந்தால் அந்த ஊரில் பள்ளிக்கூடம் இடம் மாறிவிடும். தண்ணீர் ஏறாத மொட்டைமாடி ஒன்றில் ஆரஞ்சுக் கொடி பறக்கும். பிள்ளைகள் அதைப் பார்த்துப் படகில் போய்ச் சேர வேண்டும். வருஷா வருஷம் அந்தக் கொடியைத் தைத்துக் கொடுப்பவள் தையல்காரி. அவளே இன்று கொடியைத் தேடி, முங்கிப்போன தெருவில் இரவல் படகோடு முழித்துக்கொண்டிருந்தாள்.

கொடிக்கா பஞ்சம்? பார்த்த மாடியில் எல்லாம் கொடி!

"அம்மா, இதுல எதும்மா நம்ம ஸ்கூலு?" என்றாள் மகள். பரீட்சை அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"இருடி, பாக்கறேன்ல."

பார்த்து என்ன கிழிக்க? எல்லாம் அவள் கைவேலைதான். கொடி கட்டின வீட்டில்தான் சாப்பாட்டுப் படகு நிற்குமாம் என்று எவனோ கிளப்பிவிட்டான். "அக்கா, எனக்கும் ஒண்ணு" என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. டீச்சர் கொடுத்த துணியில் மிச்சத்தையெல்லாம் வெட்டித் தைத்துத் தள்ளிவிட்டாள். அடிப்பாவி, பள்ளிக்கூடத்துக் கொடியில் ஓரத்துக்கு ஒரு பட்டையாவது வைத்திருக்கக் கூடாதா!

போன வருஷம் இதே வெள்ளத்தில் முழுப்பரீட்சை கைவிட்டுப் போய், மகள் அதே வகுப்பில் மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவையும் போனால் நாத்தனார் கூட்டிக்கொண்டு போய்த் தன் கடையில் நிறுத்திவிடுவாள். புருஷனும் தலையாட்டிவிட்டான். நாத்தனார் நேற்றே பெட்டியோடு வந்து இறங்கியாயிற்று. இவர்கள் இருட்டோடு கிளம்பியபோது மாடி அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் மாடியில் ஒரு பெரியவர் கையை நீட்டினார். "பொட்டலம் கொண்டாந்தியாம்மா?"

"இல்லீங்க, ஸ்கூல் இங்கயா?"

"ஸ்கூல வச்சு நான் என்ன பண்ண? சோறு இல்லையா?"

அடுத்த மாடியில் கொடிக்குக் கீழே ஆடுகள் நின்றன. அதற்கடுத்த மாடிக்காரி, "மரக்கடை மாடியிலதானே வச்சிருந்தாங்க? அதுவே நேத்து ராத்திரி முங்கிடுச்சே" என்றாள். எங்கே மாற்றினார்கள் என்று கேட்டால் அவள் ஒரு பக்கம் கைகாட்டினாள், அவள் புருஷன் இன்னொரு பக்கம் காட்டினான். தையல்காரிக்குத் தலை கிறுகிறுத்தது. எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை.

"விடும்மா. நான் அத்தை கூடவே போறேன்" என்றாள் மகள் மெதுவாக.

"வாயை மூடுடி!" என்று சீறினாள். சீறிய வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. தன் வீட்டு மாடியில் ஏறி நின்றால் ஊர் முழுக்கத் தெரியும், கூட்டம் கூடிய மாடி எதென்று கண்டுபிடித்துவிடலாம் என்று படகைத் திருப்பினாள்.

வீடு தெரிந்தது. யாரும் வாங்க வராத கொடிகள் நனைந்துபோனதால், நேற்று மாடிக் கொடிக்கயிற்றில் வரிசையாகக் காயப் போட்டிருந்தாளே, அது இப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அந்த வரிசைக்குக் கீழே சின்னச் சின்னத் தலைகள். இது நம் வீடுதானா என்று ஒருகணம் சந்தேகமே வந்துவிட்டது.

"எங்கம்மா போனீங்க?" என்று டீச்சர் கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மரக்கடை மாடி முங்கிடுச்சா, இங்கதான் கொத்தாக் கொடி பறந்துச்சு. புள்ளைங்க எல்லாம் தானா வந்து ஏறிடுச்சுங்க. நானும் பேப்பரோட இங்கயே வந்துட்டேன். உங்க பொண்ணு ஒண்ணுதான் பாக்கி!"

பக்கத்தில் நாத்தனார், வினாத்தாள் கட்டு நனையாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? புள்ளைக்குப் பரீட்சைய வச்சுக்கிட்டு விடிஞ்சும் விடியாம எங்க ஊர் சுத்தப் போன?"

தையல்காரிக்கு எதுவும் விளங்கவில்லை. "இல்ல அண்ணி… ஸ்கூலு…" என்று குழறினாள்.

மகளோ படகு சுவரைத் தொடும் முன்பே தாவி, படியேறி, கடைசி வரிசையில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்துவிட்டாள். மேலே தொங்கிய கொடியிலிருந்து தூறல் நீர் சொட்டியது. நாத்தனார் பக்கத்தில் போய், தான் நனைந்துகொண்டு, குடையைப் பிள்ளை பக்கம் சாய்த்தாள்.