ஐந்து கண்ணி மொட்டு

மிருதங்க வித்வான் ராகவேந்திரன் லஸ் முனையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்தது தொண்ணூற்று நாலாம் வருஷம், ஓர் ஆடி மாத மழையில். உடம்பில் வேறெங்கும் பெரிய அடி இல்லை. ஊன்றிய வலது கைதான் மொத்த பாரத்தையும் வாங்கிக்கொண்டது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பார்த்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்க மறுத்தன. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் 'நம்' என்று கணீரென்று பேச வேண்டிய விரல் அந்த ஆள்காட்டி விரல்தான்.

டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். ராகவேந்திரன் சில நாள் பிசைந்தார். பந்துக்குத்தான் பயிற்சி ஆனதே தவிர விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு காலையில் பொறுமை போய், பால்கனியிலிருந்து அதை விட்டெறிந்தார்.

அது விழுந்தது கீழ்வீட்டு மர்சலின் டீச்சரின் துணி காயும் முற்றத்தில். சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவள். ராகவேந்திரனைவிட இரண்டொரு வயது சின்னவள். பந்தை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள்.

"பந்து கீழே விழுந்திடுச்சு சார்."

"விழல டீச்சர். நான்தான் எறிஞ்சேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாக்டர் பந்தைப் பிசையச் சொன்னாரா, விரலுக்கு வேலை குடுக்கச் சொன்னாரா?"

"வேலை குடுக்கணும்னுதான்."

"அப்ப பந்துதான் வேணும்னு இல்லையே."

மறுநாள் சாயங்காலம் ஒரு குரோஷா ஊசியும் மஞ்சள் நூல்கண்டும் கொண்டுவந்து வைத்தாள். நுனியில் சின்னக் கொக்கி வைத்த ஊசி. ராகவேந்திரன் அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் மனைவி ஹம்சா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "பண்ணித்தான் பாருங்கோளேன். ஆத்துக்குள்ள உக்காந்து பண்றதை யார் பாக்கப் போறா?"

முதலில் சங்கிலி. சங்கிலி என்றால் ஒரு கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுப்பது, அவ்வளவுதான். அதற்கே விரல் வலித்தது. ஆனால் பந்தைப் போல இது சலிக்கவில்லை. இழுத்த ஒவ்வொரு கண்ணியும் கண்ணெதிரே மிச்சமிருந்தது. புரட்டாசி முடிவதற்குள் கோணலும் மாணலுமாக ஒரு சதுரத் துண்டு போட்டுவிட்டார். ஹம்சா அதைச் சூடான பாத்திரம் பிடிக்க எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் டீச்சர் வீட்டில் அந்தக் குஷன் உறையைப் பார்த்தார். சாதாரணப் பின்னல் தரைபோல இருக்க, அதன்மேல் வரிசை வரிசையாக மல்லி மொட்டுகள் புடைத்துக்கொண்டிருந்தன. தடவிப் பார்த்தார். ஒவ்வொரு மொட்டும் விரலுக்குக் கீழே அழுத்தமாக நின்றது.

"இது எப்படி டீச்சர்?"

"பாப்கார்ன் பின்னல் சார். அதெல்லாம் அப்புறம்."

"அப்புறம் என்ன அப்புறம்? இப்பவே சொல்லுங்கோ."

டீச்சர் போட்டுக் காட்டினாள். ஒரே துளையில் ஐந்து உயரக் கண்ணிகள். பிறகு ஊசியை அப்படியே வெளியே எடுத்துவிட வேண்டும். ஐந்தில் முதல் கண்ணியின் தலையில் ஊசியைக் குத்தி, அநாதையாகத் தொங்கும் கடைசிக் கண்ணியைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். அப்போது ஐந்தும் ஒன்றாகக் குவிந்து முன்பக்கம் புடைக்கும்.

பார்க்க எளிதாக இருந்தது. ராகவேந்திரன் போட்டால் ஒரு மொட்டுக்கு நாலு கண்ணி, அடுத்ததற்கு ஆறு. ஊசியை வெளியே எடுத்த கணம், பிடிமானம் இல்லாத விரலிலிருந்து நூல் நழுவி எல்லாம் அவிழ்ந்தது. மூக்கில் வியர்வையோடு அவர் இப்படிப் போராடிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் பாடகர் மாணிக்கவாசகம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். இருவரும் எத்தனையோ மேடைகளில் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்.

"என்ன ராகவா, ஸ்வெட்டர் பின்றியா? மெட்ராஸ்ல யாருக்குய்யா குளிருது?"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். காபி குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார். ஆனால் ராகவேந்திரன் ஊசியையும் நூலையும் பீரோவின் மேல்தட்டில் போட்டு மூடிவிட்டார். மார்கழி வந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் கச்சேரி, தான் மட்டும் வீட்டில் உட்கார்ந்து நூல் சிக்கெடுப்பதா என்று இருந்தது.

அவர் கீழே வராததைக் கண்டு டீச்சரே வந்து கேட்டாள். ஹம்சாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"பட்டினப்பாக்கம் போய்ப் பாருங்க சார்," என்றாள் மர்சலின். "மணல்ல உக்காந்து வலை பின்றவங்க எல்லாம் ஆம்பளைங்கதான். அவங்ககிட்ட போய் ஸ்வெட்டரான்னு கேக்கச் சொல்லுங்க உங்க ஃப்ரெண்டை."

ராகவேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீரோவைத் திறந்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுங்க," என்றாள் டீச்சர். "பேச்சு குடுத்துக்கிட்டே போட்டா அஞ்சு ஆறாயிடும்."

அவர் எண்ணினார். மறுபடியும் ஆறு. ஊசியை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். சின்ன வயதிலிருந்து அவர் எதையுமே ஒன்று, இரண்டு என்று எண்ணியதில்லை. வாய்க்குள் மெல்லச் சொன்னார்: "த க த கி ட." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கண்ணி. 'ட' வந்ததும் கை தானாக நின்றது. ஊசியை எடுத்தார், முதல் கண்ணியில் குத்தினார், "தோம்" என்று இழுத்தார். மொட்டு குவிந்தது.

"வந்துடுத்து டீச்சர்!"

"என்ன சொல்லிப் போட்டீங்க?"

"கண்ட நடை. அஞ்சுதானே? இதை மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா?"

"எனக்கென்ன தெரியும்? பள்ளிக்கூடத்துல நாங்க கத்துக்கிட்டது ஒன் டூ த்ரீ."

அன்று இருட்டும்வரை போட்டார். தகதகிட தோம், தகதகிட தோம். மறுநாள் பெருமையோடு விரித்துக் காட்டியபோது டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு வரிசை மொட்டுகள் முன்பக்கம் புடைத்திருந்தன. அடுத்த வரிசை பின்பக்கம்.

"திரும்பி வர்ற வரிசையில ஊசியைப் பின்னாலேர்ந்து குத்தணும் சார். சொல்ல மறந்துட்டேன்."

"பரவால்ல. ரெண்டு பக்கமும் வாசிக்கிறவன்தானே நான்," என்றார் ராகவேந்திரன். அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

மார்கழி முழுவதும் பின்னினார். சாயங்காலங்களில் சபாக்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார், இப்போது மனம் கசக்காமல் கேட்க முடிந்தது. தைக்குள் மிருதங்கத்துக்கு ஓர் உறை முடிந்தது. மஞ்சள் தரையில் மொட்டுகளை, வாசிப்பை முடிக்கும்போது மூன்று தரம் வரும் கோர்வையின் கணக்கிலேயே அடுக்கியிருந்தார். நடுவில் நெருங்கி, இரு ஓரங்களிலும் இடைவெளி விட்டு. அதை மிருதங்கத்துக்கு மாட்டியபோது விரல்கள் தாமாக வளைந்து முடிச்சைப் போட்டதை ஹம்சாதான் முதலில் கவனித்தாள். உள்ளே போய்ப் பாயசத்துக்கு அரிசி களைந்தாள்.

அப்புறம் உறையைக் கழற்றி வைத்துவிட்டுத் தினமும் காலையில் வாசித்தார். விரைவு வரவில்லை. 'நம்' மட்டும் வந்தது, மெல்ல, சுத்தமாக.

மாணிக்கவாசகம் மறுபடி வந்தபோது உறையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொட்டுகளின் மேல் விரலை ஓட்டினார். உதடு அசைந்தது.

"இது கோர்வையில்லையோ?"

"ஆமாம்."

"ஸ்வெட்டர்னு சொன்னதை மறந்துடு. ராமநவமிக்கு மாதவப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு வீட்டுல பாடறேன். சின்ன கூட்டம். உக்கார்றியா?"

"வேகமா வராது மாணிக்கம்."

"வேகமா பாடலேன்னா போச்சு."

அந்தக் கச்சேரியில் பானகமும் நீர்மோரும் சுற்றி வந்தன. மர்சலின் டீச்சரும் அவள் கணவர் கிளிஃபர்டும் ஹம்சாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கவாசகம் நிதானமாகவே பாடினார். பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ராகவேந்திரன் கண்ட நடையை எடுத்துக்கொண்டு அவசரமில்லாமல் வாசித்தார். பழைய மின்னல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழுசாக நின்றது. கிளிஃபர்ட் குனிந்து மனைவியிடம் கேட்டார்: "நல்லா வாசிக்கிறாரா?"

"அஞ்சு அஞ்சா போறார்," என்றாள் மர்சலின். "ஒண்ணுகூட அவிழல."

அடுத்த வாரம் ராகவேந்திரன் பஸ் பிடித்துத் தி. நகருக்குப் போனார். ரங்கநாதன் தெரு நெரிசலில் ஒரு நூல்கடைக்குள் நுழைந்து, அரக்குச் சிவப்பில் ஆறு கண்டு கேட்டார்.

கடைக்காரர் கரீமுல்லா எடுத்துப் போட்டபடியே கேட்டார்: "அம்மா ஊசி நம்பர் இன்னா சொன்னாங்க சார்?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. நாலாம் நம்பர் எனக்குச் சரியா இருக்கு," என்றார் ராகவேந்திரன். நூலை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி, முறுக்கு சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.