தாடைக்குள் ஒரு பிரேக்

மூத்த மாப்பிள்ளையிடம் தாடை வலிக்குக் காரணம் கேட்டால், கார் ஓட்டக் கற்க வருகிறவர்களைக் கைகாட்டுவார். "பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவங்க பக்கத்துல பகல் முழுக்க உட்கார்ந்து பாருங்க. பல்லு தானா கடிபடும்" என்பார். அவர் மனைவிக்குத்தான் தெரியும், தன் தங்கையின் கணவர் மாமனார் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த பிறகுதான் வலி வந்ததென்று.

அதுவரை மாமனாருக்கு எல்லாம் மூத்தவர்தான். குழாய் ஒழுகினாலும் கண் டாக்டரைப் பார்க்கப் போனாலும் அவரைத்தான் கூப்பிடுவார். இப்போதோ வாயைத் திறந்தால் "சின்ன மாப்பிள்ளை சொன்னார்" என்கிறார். சின்ன மாப்பிள்ளை பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியாளர். தாடைத் தசைக்கு ரத்தம் எப்போது கூடுதலாகப் போகிறது, எப்போது குறைகிறது என்று பார்ப்பது அவர் வேலை.

"உலகத்துல ஆராய வேற எதுவும் கிடைக்கலையா தம்பி?" என்று மூத்தவர் எல்லார் முன்னிலையிலும் ஒருநாள் கேட்டார். முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் இளையவர்தான். அதனால் மூத்தவருக்கு வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது. கார் ஓட்டச் சொல்லித் தரும்படி இளையவர் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். "நேரமே இல்ல தம்பி" என்று பதில் வந்தது. வண்டியோ வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஒரு காலையில் மாமனார் போன் செய்தார்.

"சின்னவர் சோதனைக்கு வரவேண்டிய ஆள் வரலையாம். இன்னிக்குத் துறைத் தலைவர் பார்த்துட்டுத்தான் அந்த வேலை நடக்கணுமா நிக்கணுமான்னு சொல்லுவாராம். நீங்க போய் உட்கார்ந்துட்டு வாங்க மாப்ள. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் மூத்தவர் போனார்.

சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, இளையவர் ஒரு சிறிய கருவியைத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். சில்லென்று இருக்கக் கூடாதாம். சூடேறியதும் கன்னத்தில் ஒட்டினார். பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு வில்லைகள். எதிரே திரையில் இரண்டு கோடுகள் ஓடின.

"மேல் கோடு ரத்தம், அண்ணா. ரத்தக் குழாய் கூடவே ஒரு நரம்பு ஓடுது. நம்ம பேச்சைக் கேக்காது. குளிர், பயம், கோபம், எது வந்தாலும் குழாயை இறுக்கும். உங்க காலுக்கடியில தனியா ஒரு பிரேக் இருக்கே, கத்துக்கிறவங்களுக்குத் தெரியாம நீங்க மிதிப்பீங்களே, அந்த மாதிரி."

'என் பிழைப்பை எனக்கே பாடமாக நடத்துகிறான்' என்று மூத்தவருக்குச் சுருக்கென்றது.

"முதல்ல சும்மா ஓய்வா இருங்க. பல்லோட பல்லு படவேண்டாம். அப்புறம் கையைக் குளிர்ந்த தண்ணியில வைக்கணும், அந்த நரம்பு குழாயை இறுக்குதான்னு பார்க்க."

துறைத் தலைவர் உள்ளே வந்தார். தடித்த கண்ணாடி, நிதானமான பேச்சு. "உங்க சகலை பெரிய கெட்டிக்காரர். இவருக்காகத்தான் நானே வந்தேன்" என்றார் மூத்தவரைப் பார்த்து.

அவ்வளவுதான். இந்த மனிதரும் மாமனார் கட்சியா? மூத்தவர் உதட்டை மூடியபடியே பல்லை மெல்லக் கடித்தார். விட்டார். மறுபடி கடித்தார். வெளியே ஒன்றும் தெரியாது. மேல் கோடு பள்ளத்தில் விழுந்து எகிறியது.

"ஓய்வுலயே இந்த ஆட்டமா? இந்தக் கருவியை நம்பி எப்படி மேல போறது?" என்று மேல் கோட்டை மட்டும் பார்த்துத் தலைவர் முகம் சுளித்தார்.

இளையவர் திரையையே பார்த்தார். பிறகு மூத்தவரை ஒருமுறை பார்த்தார். "நான் சரியா ஒட்டலை சார். என் தப்புதான். இன்னொரு தடவை பார்த்துடலாம்."

கருவியை எடுத்து மீண்டும் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கினார்.

மூத்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தக் கீழ்க் கோடு என்ன தம்பி?"

"அது தசை, அண்ணா. பல்லைக் கடிச்சா எகிறும்."

மூத்தவருக்குக் காது மடல் சுட்டது. இவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். 'ஆண்டவனே, இந்த வாயை ஒரு நிமிஷம் சும்மா இருக்க வை' என்று வேண்டிக்கொண்டார். ஆனால் பழகிப்போன பற்கள் தாமாகவே போய் ஒட்டின.

"நாக்கை மேல வச்சு, தாடையைத் தொங்க விடுங்க" என்று இளையவர் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை இன்னும் சூடாக இருந்தது. கீழ்க் கோடு மெல்லப் படுத்துக்கொண்டது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தபோது மேல் கோடு மட்டும் அசைந்தது. கீழ்க் கோடு அசையவேயில்லை.

தலைவர் நெடுநேரம் பார்த்தார். "சரி, தொடருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இளையவர் துண்டை எடுத்து மூத்தவரின் விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பொறாமை ஒரே நாளில் போய்விடுகிற சரக்கில்லை. துறைத் தலைவர் சொன்ன 'கெட்டிக்காரர்' என்ற அந்த ஒரு வார்த்தை மூத்தவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் ஒரு நல்லதைச் செய்ய, மனசு முழுக்கச் சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டுமென்று கடவுள் எங்கும் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை காலையில வாங்க தம்பி. வண்டி சும்மாதான் நிக்குது."

இளையவர் துண்டை மடித்தார். "பல்லைக் கடிக்காம சொல்லித் தருவீங்களா அண்ணா?"

"கடிச்சாத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிடுமே" என்றார் மூத்தவர், தாடையைத் தடவிக்கொண்டே.